ஒன்றியத்தின் நீண்டகால வளர்ச்சிக்கு எந்த வழி? வடசென்னையில் நின்று நான்கு வழிகளை ஒப்பிட்டால்

தண்டையார்பேட்டையில் ஞாயிறு மாலைகளில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். பல மாநிலங்கள் சேர்ந்த ஓர் ஒன்றியத்தில் 25, 30 ஆண்டுகளுக்கான வளர்ச்சியை யார் திட்டமிடுவது என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்தேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர் டெல்லி என்றார்கள், பாதிப் பேர் மாநிலம் என்றார்கள். எண்ணூரிலிருந்து வரும் ஒரு மாணவி மட்டும் எந்தப் பக்கமும் சேராமல், "டெல்லியே முடிவு பண்றது தப்புன்னா பீகார்காரங்க எப்ப சார் மேல வருவாங்க? மாநிலமே பாத்துக்கட்டும்னா எங்க ஊருக்காக யார் சார் கேப்பாங்க?" என்று கேட்டாள். அடுத்த வாரமும் அதே இடத்தில்தான் நின்றார்கள். அவர்களுக்காக எழுதத் தொடங்கிய குறிப்பு இது. இதே தலைப்பில் திணறும் மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

தேர்ந்தெடுக்க நம் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. ஒன்றிய அரசே எந்தத் தொழில் எங்கே என்று முடிவு செய்வது முதல் வழி. வரியை ஒரு வாய்பாட்டின்படி பிரித்துக் கொடுத்துவிட்டு, செலவை மாநிலத்திடம் விட்டுவிடுவது இரண்டாவது. மாநிலங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு முதலீட்டை இழுத்துக்கொள்ள விடுவது மூன்றாவது. பின்தங்கிய வட்டாரத்தையோ குறிப்பிட்ட துறையையோ குறிவைத்து, நிபந்தனையோடு நிதி தருவது நான்காவது. இந்தியா இந்த நான்கையும் செய்து பார்த்திருக்கிறது. வடசென்னையின் தெருக்களில் நான்கின் தடமும் இருக்கிறது.

## முதலில் அளவுகோல்கள்

ஒரு வழியைப் புகழ்வதற்கு முன் எதை வைத்து அளக்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி காலம் பற்றியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அந்த 47 ஆண்டுகளில் 12 மக்களவைத் தேர்தல்கள் வந்துபோயின. ஆட்சி மாறினாலும் வழி மாறாமல் நிற்குமா என்று கேட்காமல் நீண்டகாலக் கொள்கை பேச முடியாது. இரண்டாவது, ஏழை மாநிலத்துக்கும் வளர்ந்த மாநிலத்துக்கும் உள்ள இடைவெளி குறையுமா என்பது. மூன்றாவது, கணக்கில் எழுதப்படாத செலவு யார் தலையில் விழுகிறது என்பது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படர்ந்தபோது, அதைக் குவளையும் வாளியுமாக மொண்டு எடுத்தவர்கள் மீனவர்கள்தாம். எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் அந்த வாளிக்கு ஒரு வரி கிடையாது. நான்காவது, தவறு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பது. ஐந்தாவது, தவறு என்று தெரிந்த பிறகு அதைத் திருத்த எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது. என் கணக்கில் மூன்றாவதும் ஐந்தாவதும் கனமானவை. பாடநூல்கள் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன.

## வழி 1: ஒன்றியமே திட்டமிடுவது

1950 மார்ச்சில் ஒரு அமைச்சரவைத் தீர்மானத்தால் உருவான திட்டக்குழு, 2015 தொடக்கத்தில் நிதி ஆயோக் அந்த இடத்துக்கு வரும்வரை இருந்தது. அரசமைப்புச் சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவும் இல்லை என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1955-ல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்ததும், 1960களின் பிற்பகுதியிலிருந்து மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அதை ஒட்டி உரத் தொழிற்சாலையும் எழுந்ததும் இந்தக் காலத்தில்தான். ஒரு தலைமுறைக்கே மாதச் சம்பளம், குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை என்று கொடுத்த தொழில்கள் இவை. தனியார் முதலீடு தயங்கிய காலத்தில், பயன் வர 20 ஆண்டுகள் ஆகும் தொழிலில் பணம் போடும் துணிவு ஒன்றியத்துக்கு மட்டுமே இருந்தது. முதல் அளவுகோலில் இந்த வழிக்கு நல்ல மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் இதே காலத்தின் இன்னொரு முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1952-ல் தொடங்கி 1990களின் தொடக்கம்வரை நடப்பில் இருந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையின்படி, நிலக்கரி, எஃகு, சிமென்ட் போன்ற பொருள்களை நீண்ட தூரம் கொண்டுசெல்லும் செலவை ஒன்றியம் சமப்படுத்தியது. ஜாம்ஷெட்பூரில் உருகிய எஃகு ஜாம்ஷெட்பூர்ப் பட்டறைக்கும் எண்ணூர்ப் பட்டறைக்கும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைத்தது. நாடு முழுவதும் தொழில் பரவட்டும் என்ற எண்ணம் நல்லதுதான். விளைவு வேறாகப் போயிற்று. சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை வைப்பதால் கிடைக்க வேண்டிய லாபம் அற்றுப்போனதால், அன்றைய பீகார், மேற்கு வங்கம், ஒடிசா, மத்தியப் பிரதேசம் ஆகியவை கனிமத்தைக் கொடுத்துவிட்டு ஆலையை இழந்தன. துறைமுகமும் சந்தையும் அருகில் இருந்த மேற்கும் தெற்கும் பயன் பெற்றன. மேற்கிலும் தெற்கிலும் விளையும் பருத்திக்கு இப்படி ஒரு சமன்பாடு இருக்கவில்லை என்பதால், கிழக்கு மாநிலங்களுக்கு ஈடாக எதுவும் வரவும் இல்லை.

இதைச் சொன்னதும் வகுப்பில் சற்று நேரம் பேச்சில்லை. வடசென்னையின் பட்டறைகளும் வாகனத் தொழிலும் வளர்ந்ததில் உழைப்புக்கும் திறமைக்கும் உரிய பங்கு உண்டு. ஆனால் தன்பாத், ஜாம்ஷெட்பூர் மக்கள் விட்டுக்கொடுத்த பங்கும் அதில் கலந்திருக்கிறது. வடக்கிலிருந்து வரும் ரயில் பெரம்பூரில் நிற்கும்போது தோள்பையோடு இறங்கி மாதவரம் கிடங்குகளுக்கும் மணலிக்கும் போகும் இளைஞர்களை 'வேலையைப் பறிக்க வந்தவர்கள்' என்று பேசுகிறவர்கள், இந்த 40 ஆண்டுக் கணக்கையும் ஒருமுறை பார்க்கலாம்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. தவறான முடிவு 28 மாநிலங்களையும் ஒரே நேரத்தில் பாதிக்கிறது, அதைத் திருத்த ஒரு தலைமுறை ஆகிறது. அடுத்தது, டெல்லி வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும் இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்குமாக மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்து, கிணறுகள் உப்பாயின. பின்னர் அதே வட்டாரத்தின் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-ல் திறந்தார்கள்.

## வழி 2: வாய்பாட்டின்படி பகிர்ந்து கொடுப்பது

அரசமைப்பின் 280-ஆவது பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு அமைகிறது. ஒன்றியம் திரட்டும் வரியில் மாநிலங்களுக்கு மொத்தமாக எவ்வளவு, அதில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எவ்வளவு என்ற இரண்டையும் அது பரிந்துரைக்கிறது. 13-ஆவது குழு 32 சதவீதம் என்றது. 14-ஆவது குழு அதை 42-ஆக உயர்த்தியது, 15-ஆவது 41 என்றது. இந்தப் பணத்துக்கு நிபந்தனை இல்லை. பள்ளிக்கோ பேருந்துக்கோ பாலத்துக்கோ மாநிலம் தன் விருப்பம்போல் செலவிடலாம்.

2021–26 காலத்துக்கான 15-ஆவது குழுவின் வாய்பாட்டில் வருமான இடைவெளிக்கு (பணக்கார மாநிலத்தைவிடத் தனிநபர் வருமானம் எவ்வளவு குறைவு என்பதற்கு) 45, மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் செயல்பாட்டுக்கு 12.5, காடு மற்றும் சூழலியலுக்கு 10, வரி திரட்டும் முயற்சிக்கு 2.5 என்று எடை கொடுக்கப்பட்டது. இதன்படி மாநிலங்களுக்குப் பிரியும் 100 ரூபாயில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.94 ரூபாயும், பீகாருக்கு 10.06 ரூபாயும், தமிழ்நாட்டுக்கு 4.08 ரூபாயும் கிடைத்தன. 9-ஆவது குழுவின் காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 7.93 சதவீதமாக இருந்தது. 2011 கணக்கெடுப்பின்படி நம் மக்கள்தொகை நாட்டின் மொத்தத்தில் ஏறத்தாழ 6 சதவீதம்.

தமிழ்நாட்டில் இதைப் பற்றிப் பேசும்போது கோபம் முந்திக்கொண்டு வருகிறது. கோபத்தில் நியாயமும் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காகவே பங்கை இழப்பது கொடுமை, 12.5 எடை அந்த இழப்பை முழுதாக ஈடுகட்டவில்லை. ஆனால் ஏழைக்குக் கூடுதலாகக் கொடுப்பது என்ற அடிப்படையை நான் எதிர்க்க மாட்டேன். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எல்லா இடத்திலும் இறால் ஒரே அளவில் கிடைக்காது என்பதால், வலை போடும் இடத்தை முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். நல்ல இடம் கிடைத்தவர் அதையே என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள முடியாது. துறைமுகமும் சந்தையும் அருகில் வாய்த்த மாநிலம் ஒருவகையில் நல்ல பாடு கிடைத்த வலைக்காரர்தான். அவரிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதில்தான் சண்டை வர வேண்டும், கேட்கலாமா என்பதில் அல்ல.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வரிக்கு மேல் செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் கூடுதலாக வசூலாகும் தொகை பகிர்வுக்குள் வராது. ஆகவே 41 சதவீதம் என்பது பிரிக்கத்தக்க தொகையில் 41. மொத்த வசூலில் பார்த்தால் அதைவிடக் குறைவு. பங்கைக் கூட்டியதாக ஒரு கையால் காட்டி, செஸ்ஸைக் கூட்டி மறு கையால் எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது. இன்னொரு குறை, நிபந்தனை இல்லாத பணம் நீண்டகாலப் பணிக்குத்தான் போகும் என்பதற்கு உறுதி இல்லை. தேர்தல் ஆண்டில் எது கண்ணில் படுமோ அதற்குப் போகும். இது எல்லாக் கட்சிகளுக்கும் பொருந்தும்.

திருத்துவது என்ற அளவுகோலில் மட்டும் மற்ற மூன்று வழிகளும் இதற்கு அருகில் வரமாட்டா. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாய்பாட்டையே மாற்றி எழுதும் வாய்ப்பு சட்டத்திலேயே இருக்கிறது. குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது, எடைகளை எவரும் படித்துக் கேள்வி கேட்கலாம்.

## வழி 3: மாநிலங்கள் போட்டியிடுவது

1991-க்குப் பிறகு உரிமம் கேட்டு டெல்லியில் காத்திருக்கும் நிலை பெரும்பாலும் போய்விட்டது. மாநிலங்கள் நிலம், மின்சாரம், வரிச்சலுகை ஆகியவற்றைத் தட்டில் வைத்துக்கொண்டு முதலீட்டாளரிடம் நேரடியாகப் பேசத் தொடங்கின. தமிழ்நாடு இதில் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளைப் பார்த்தால் தெரியும். திறமையுள்ள தொழிலாளர்களும் சாலையும் துறைமுகமும் ஏற்கெனவே உள்ள மாநிலத்துக்கு இது வேகமான வழி.

இல்லாத மாநிலத்துக்கு? 2003-ல் இமாச்சலப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டுக்கும் ஒன்றியம் கலால் வரி விலக்குத் தந்ததும், இமாச்சலத்தின் பட்டி (Baddi) போன்ற ஊர்களில் மருந்து ஆலைகள் குவிந்தன. அந்தச் சலுகை இல்லாதிருந்தால் அவை வேறு மாநிலங்களில் எழுந்திருக்கும் என்று அண்டை மாநிலங்கள் குறைபட்டுக்கொண்டன. 2008-ல் மேற்கு வங்கத்தின் சிங்கூரை விட்டுக் கிளம்பிய கார்த் தொழிற்சாலை குஜராத்தின் சானந்துக்குப் போனபோது, ஒரு மாநிலத்தின் இழப்பு இன்னொரு மாநிலத்தின் வரவாயிற்று. நாட்டின் மொத்தக் கணக்கில் எத்தனை கூடியது என்று கேட்டால் விடை அவ்வளவு மகிழ்ச்சியாக இராது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. எட்டு ஆண்டுகள் என்பது இரண்டு சட்டமன்றங்களின் ஆயுள்கூட இல்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு இந்தப் போட்டியின் கணக்கே மாறிவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வரி இப்போது பொருள் நுகரப்படும் மாநிலத்துக்குப் போகிறது. சலுகை கொடுத்து ஆலையை வரவழைத்த மாநிலம், அந்த ஆலையின் பொருள் வெளிமாநிலத்தில் விற்கும்போது அதன் மீதான மாநில ஜி.எஸ்.டி.யைப் பெறுவதில்லை. கிடைப்பது வேலைவாய்ப்பும் சுற்றியுள்ள வணிகமும். அதோடு, ஜி.எஸ்.டி. மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு. முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். எனவே ஒன்றியம் ஒப்பாத எதுவும் அங்கே நிறைவேறாது.

மாநிலத்துக்குள்ளேயும் இந்தப் போட்டி தோற்றவர்களை உண்டாக்குகிறது. 1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்த பெரம்பூர்ப் பகுதியின் பின்னி ஆலை 1990களில் மூடப்பட்டபோது, புதிய தொழில்கள் நகரத்தின் தென்மேற்கே போய்க்கொண்டிருந்தன. ஒரகடம் பக்கம் செய்யும் கார் எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறது. வேலை அந்தப் பக்கம். லாரியும் புழுதியும் இந்தப் பக்கம்.

## வழி 4: இலக்கு வைத்து, நிபந்தனையோடு கொடுப்பது

ஐரோப்பிய ஒன்றியம் 1975 முதல் வட்டார வளர்ச்சி நிதியம் ஒன்றை நடத்துகிறது. தனிநபர் உற்பத்தி ஒன்றியச் சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே உள்ள வட்டாரங்களுக்கு முன்னுரிமை. ஏழாண்டு வரவுசெலவுச் சட்டகம். உறுப்பு நாடும் தன் பங்கைப் போட வேண்டும். நாட்டின் சராசரியைப் பார்க்காமல் வட்டாரத்தைப் பார்ப்பது இதன் சிறப்பு. பணக்கார நாட்டின் ஏழை மூலையும் கண்ணுக்குப் படுகிறது. அதே ஐரோப்பாவில் இத்தாலியின் தெற்குப் பகுதி பல பத்தாண்டுகள் நிதி பெற்றும் வடக்கை எட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இந்த வழிக்குப் பல முகங்கள் உண்டு. பெரும்பாலான மாநிலங்களுக்கு 60:40 என்ற விகிதத்தில் நடக்கும் ஒன்றிய நிதியுதவித் திட்டங்கள் ஒன்று. 2020-21 முதல் மூலதனச் செலவுக்குத் தரப்படும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் இன்னொன்று. நீண்டகாலம் என்ற அளவில் 50 ஆண்டுக் கடனை நான் வரவேற்கிறேன். ஆனால் அதன் ஒரு பகுதிக்கு ஒன்றியம் கேட்கும் சீர்திருத்தங்களைச் செய்தாக வேண்டும்.

நிபந்தனை எங்கே போய் முடியும் என்பதற்கு நம் கண்முன் சான்று இருக்கிறது. தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைந்த உடன்பாட்டில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,000 கோடி ரூபாய்க்கு மேல் நிறுத்தப்பட்டு, 2025-ல் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. மாதவரத்திலிருந்து இரண்டு தடங்கள் புறப்படும் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 63,246 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2024 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் மாநிலமே சுமந்தது. சாலையை அடைத்துத் தகரம் போட்டிருந்த நாள்களில் யாரைக் கேட்டாலும் கை அடுத்தவரைக் காட்டியது. நான்காவது அளவுகோலில் இந்த வழி கடைசி இடத்தில் நிற்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஒன்றியத் திட்டம் | வாய்பாட்டுப் பகிர்வு | மாநிலப் போட்டி | இலக்கு நிதி |
|---|---|---|---|---|
| ஆட்சி மாறினாலும் நிற்குமா | நிற்கும் | ஐந்தாண்டுக்கு உறுதி | ஒப்பந்தம் உள்ளவரை | திட்டத்துக்குத் திட்டம் மாறும் |
| இடைவெளி குறையுமா | நோக்கம் உண்டு, விளைவு எதிராகவும் போனது | மெதுவாகக் குறைக்கலாம் | பெரும்பாலும் கூட்டும் | வட்டாரத்தைக் குறிவைத்தால் குறைக்கும் |
| மறைந்த செலவு யாருக்கு | ஆலை நிற்கும் ஊருக்கு, கனிம மாநிலத்துக்கு | வளர்ந்த மாநிலத்துக்கு | சலுகை தர இயலாத மாநிலத்துக்கு | மாநிலத்தின் தன்னுரிமைக்கு |
| யாரைக் கேட்பது | டெல்லியை | மாநில அரசை | மாநில அரசை | தெளிவில்லை |
| திருத்தும் வேகம் | மிக மெதுவு | ஐந்தாண்டு | வேகம், ஆனால் இழப்போடு | நடுத்தரம் |

## எப்போது எது

ரயில்பாதை, மின்கட்டமைப்பு, பல மாநிலங்களில் ஓடும் ஆறு, பெருந்துறைமுகம் ஆகிய எல்லை தாண்டும் பணிகளுக்கு முதல் வழியை விட்டால் வேறில்லை. பள்ளி, மருத்துவம், நகரப் பேருந்து போன்ற அன்றாடத் தேவைகளுக்கு இரண்டாவதே பொருத்தம்; அடித்தளமாக இதை வைத்துக்கொண்டு மற்றவற்றை மேலே கட்டலாம் என்பது என் முடிவு. ஏற்கெனவே வலுவுள்ள மாநிலம் அடுத்த படிக்கு ஏற மூன்றாவது உதவும், ஆனால் சலுகைக்கு ஓர் உச்சவரம்பு எல்லா மாநிலங்களும் கூடி வைத்தால்தான். நான்காவதை, மாநிலச் சராசரியில் ஒளிந்துவிடும் வட்டாரங்களுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். மொழி, பாடத்திட்டம் போன்ற கொள்கை வேறுபாடுள்ள இடங்களில் அது மாநிலத்தின் கையை முறுக்கும் கருவியாகிவிடுகிறது.

நான்கு வழிகளிலும் விடுபட்டுப்போன ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒடிசாவின் தல்ச்சேர் நிலக்கரி பாராதீப்பிலிருந்து கப்பலேறி எண்ணூரில் இறங்குகிறது. அதை வெட்டியெடுக்கும் மாவட்டத்துக்கு, 2015-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி மாவட்டக் கனிம அறக்கட்டளை வழியாக ஒரு பங்கு உண்டு. காடு வைத்திருக்கும் மாநிலத்துக்கு நிதிக்குழு 10 எடை தருகிறது. அதே நிலக்கரி எரிந்து சாம்பலாகிக் குழாய் வழியே ஓடி, குழாய் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் அடியில் சேறாகப் படியும் ஊருக்கு எந்த வாய்பாட்டிலும் இடமில்லை. ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்கள், இப்போது கால் வைத்தால் சாம்பல் முழங்கால்வரை வாங்குகிறது என்கிறார்கள். மின்சாரம் மாநிலம் முழுவதற்கும் போகிறது. மணலியில் சுத்திகரிக்கும் டீசலின் கலால் வரி ஒன்றியத்துக்கும், விற்பனை வரி அது விற்கும் மாநிலத்துக்கும் போகின்றன. ஆலை நிற்கும் மண்டலத்துக்கு நேரடியாக வருவது சொத்துவரி, அதுவும் மாநகராட்சியின் பொதுக் கணக்குக்குள். வெட்டும் இடத்துக்கு ஒரு நியாயம் என்றால் எரிக்கும் இடத்துக்கும் அது வேண்டும். அடுத்த நிதிக்குழுவிடம் தமிழ்நாடு கேட்க வேண்டிய பட்டியலில் இதைச் சேர்க்கலாம். கிழக்கு மாநிலங்களும் இதற்கு எதிராகப் பேசாது.

டெல்லியிடம் மட்டும் கேட்டால் போதாது என்று அந்த எண்ணூர் மாணவி தன் கட்டுரையில் எழுதியிருந்தாள். அரசமைப்பின் 73, 74-ஆவது திருத்தங்கள் மாநில அளவிலும் நிதிக்குழு வைக்கச் சொல்கின்றன. உள்ளாட்சிகளுக்கு எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று பரிந்துரைப்பது அதன் வேலை. 2011-ல் திருவொற்றியூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்த பிறகு, அதற்கென்று தனிப் பங்கு கேட்கும் கதவும் மூடிவிட்டது. 2023-24 மாநில நிதிநிலை அறிக்கையில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 1,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது நல்ல செய்தி. ஆனால் அது நான்காவது வழியின் பணம், ஒரு அரசின் விருப்பத்தால் வந்தது. தமிழ்நாடு டெல்லியிடம் உரிமையாகக் கேட்பதைத் திருவொற்றியூர் கோட்டையிடம் மனுவாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அவள் எழுதிய இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, 'இதற்கும் ஒரு வாய்பாடு எழுதிக் காட்டு' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.